யூனிக்ஸ் வகை இயங்குதளங்களில் அணுகல் கட்டுப்பாடு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுகாவில், கொழிஞ்சாம்பாறை, மீனாட்சிபுரம், வேலந்தாவளம் வட்டாரத்துத் தமிழ் வழிப் பள்ளிகளிலும் நூலகங்களிலும் பால் சொசைட்டிகளிலும் லினக்ஸ் கணினிகளைப் பராமரிப்பவர்களுக்காக இந்தப் பக்கம் எழுதப்பட்டுள்ளது. கேரளப் பள்ளிகளுக்கு 'கைட்' நிறுவனம் வழங்கும் லினக்ஸ் உபுண்டுவை அடிப்படையாகக் கொண்டது; எனவே பள்ளிக் கணினியில், ஒரு நிரல் எதைத் தொடலாம் என்று வரையறுக்கும் ஆப்ஆர்மரைச் சந்திப்பீர்கள். ரெட் ஹேட் வழிவந்த இயங்குதளத்தில் சர்வர் நடத்துபவர்கள் அதே வேலையைச் செய்யும் எஸ்.இ.லினக்ஸைச் சந்திப்பார்கள். இரண்டையும் பற்றிய கேள்விகள் கீழே உள்ளன. ஆனால் பழைய ஒன்பது பிட் அனுமதி முறையை அறியாமல் அவற்றில் இறங்குவது வீண் வேலை என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறோம்.

ஒரு கோப்பைத் திறக்கலாமா கூடாதா என்பதை இயங்குதளத்தின் மையப்பகுதியான கர்னல் எப்படி முடிவுசெய்கிறது?

இயங்கிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு செயல்முறைக்கும் ஒரு பயனர் எண்ணும் சில குழு எண்களும் உண்டு. ஒவ்வொரு கோப்புக்கும் ஓர் உரிமையாளர், ஒரு குழு, படித்தல், எழுதுதல், இயக்குதல் என்ற மூன்று அனுமதிகள் மூன்று தரப்பினருக்குமாக ஒன்பது பிட்கள் உண்டு. கேட்பவர் உரிமையாளரா என்று கர்னல் முதலில் பார்க்கிறது. ஆம் என்றால் உரிமையாளருக்கான மூன்று பிட்களை மட்டும் படித்து அங்கேயே முடிவு சொல்லிவிடுகிறது. இல்லையென்றால்தான் குழுவையும், அதிலும் இல்லையென்றால்தான் மற்றவர்களுக்கான பிட்களையும் பார்க்கிறது.

மூன்றில் எது தாராளமாக இருக்கிறதோ அது செல்லும் என்று பலரும் எண்ணுகிறார்கள், அது சரியன்று. குழுவுக்குப் படிக்கும் அனுமதி தந்து, உரிமையாளருக்கு அதை எடுத்துவிட்டால், குழுவில் உள்ள மற்றவர்கள் படிக்கலாம், உரிமையாளரால் மட்டும் படிக்க முடியாது.

எனக்கு மட்டுமே எழுத அனுமதி உள்ள கோப்பை இன்னொருவர் எப்படி அழித்தார்?

கோப்பை அழிப்பது அந்தக் கோப்பில் எழுதுவதாகாது. அது இருக்கும் அடைவின் (ஃபோல்டரின்) பட்டியலிலிருந்து ஒரு பெயரை நீக்குவதாகும். எனவே அடைவில் எழுதவும் நுழையவும் (அடைவைப் பொறுத்தவரை 'இயக்குதல்' அனுமதிதான் நுழையும் அனுமதி) அனுமதி உள்ளவர் அதற்குள் இருக்கும் எவருடைய கோப்பையும் அழிக்கலாம். பொதுவான தற்காலிக அடைவில் இது நிகழாமல் இருப்பதற்குக் காரணம் ஸ்டிக்கி பிட் என்ற கூடுதல் குறி: அது இருக்கும் அடைவில் கோப்பின் உரிமையாளரோ அடைவின் உரிமையாளரோ எல்லா அதிகாரமும் உள்ள 'ரூட்' என்ற நிர்வாகிப் பயனரோதான் அழிக்க முடியும். மாணவர்கள் எல்லோரும் வேலையைச் சேமிக்கும் பகிர்வு அடைவுக்கு அந்தக் குறியை இட்டு வையுங்கள்.

எதுவும் திறக்கவில்லை என்றால் 777 கொடுத்துவிடலாமே?

கொடுக்காதீர்கள். எல்லோரும் எல்லாம் செய்யலாம் என்று எழுதிக் கொடுப்பது தீர்வாகாது. தடுப்பது எஸ்.இ.லினக்ஸோ ஆப்ஆர்மரோ என்றால் 777 கொடுத்த பிறகும் கோப்பு திறக்காது. பிரச்சினை அப்படியே இருக்க, பாதுகாப்பு மட்டும் போயிருக்கும். கோப்பு சரியாக இருந்தும் மேலே உள்ள ஏதோ ஓர் அடைவில் நுழையும் அனுமதி இல்லாததே பெரும்பாலும் காரணமாக இருக்கும். பாதையில் உள்ள ஒவ்வோர் அடைவின் அனுமதியையும் வரிசையாகக் காட்டும் 'நேம்ஐ' என்ற சிறு கருவி ஏறக்குறைய எல்லா லினக்ஸிலும் இருக்கிறது. அதை முதலில் எல் விருப்பத்தோடு இயக்கிப் பாருங்கள்.

பால் சொசைட்டியில் செயலாளரும் அளவெடுப்பவரும் எழுத வேண்டும், தணிக்கையாளர் படிக்க மட்டும் வேண்டும், மற்றவர் எவரும் பார்க்கக் கூடாது. ஒரே ஒரு குழுவை வைத்து இதை எப்படிச் செய்வது?

ஒன்பது பிட்களால் இதை நேராகச் செய்ய முடியாது. ஏனென்றால் குழுவுக்கு ஒரே வகை அனுமதிதான் உண்டு. இதற்காகத்தான் ஏ.சி.எல். எனப்படும் அணுகல் பட்டியல் வந்தது. லினக்ஸில் பயன்படும் வடிவம், யூனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான பொதுத் தரநிலையான பாசிக்ஸின் 1003.1இ என்ற வரைவிலிருந்து வந்தது. அந்த வரைவு தரநிலையாக நிறைவேறாமல் 1998-இல் திரும்பப் பெறப்பட்டது என்றாலும், அதற்குள் பலரும் அதைப் பின்பற்றியிருந்ததால் நிலைத்துவிட்டது.

செய்முறை இவ்வாறு. பால் கணக்கு அடைவின் உரிமையாளராகச் செயலாளரையும், குழுவாக அளவெடுப்பவர்கள் சேர்ந்த ஒரு குழுவையும் வையுங்கள். மற்றவர்களுக்கு எதுவும் வேண்டாம். அடைவுக்குச் செட்ஜிஐடி பிட்டை இடுங்கள். காலைக் கறவையின் கொழுப்பு, எஸ்.என்.எஃப். (கொழுப்பல்லாத திடப்பொருள்) அளவுகளை எவர் பதிந்தாலும் புதிய கோப்பு அதே குழுவுக்குச் சேரும். பிறகு 'செட்எஃப்ஏசிஎல்' கட்டளையால் தணிக்கையாளரின் பயனர் பெயருக்குப் படிக்கவும் நுழையவும் அனுமதி தாருங்கள். அத்துடன் நின்றுவிட்டால் இன்றைய அடைவு மட்டும் திறக்கும், நாளை உருவாகும் கோப்புகள் திறக்கா. ஆகவே குழுவுக்கும் தணிக்கையாளருக்கும் உரிய அதே அனுமதிகளை 'டீஃபால்ட்' பட்டியலாகவும் எழுத வேண்டும். புதிய கோப்புகள் அதிலிருந்துதான் தம் அனுமதியைப் பெறுகின்றன. ஏற்கெனவே உள்ள கோப்புகளுக்கும் ஒருமுறை தனியே கொடுத்துவிடுங்கள்.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. ஏ.சி.எல். உள்ள கோப்பை எல்.எஸ். கட்டளை பட்டியலிடும்போது ஒன்பது எழுத்துகளின் முடிவில் ஒரு கூட்டல் குறி தெரியும். அந்தக் குறி இருக்கும்போது நடுவில் உள்ள மூன்று எழுத்துகள் குழுவின் அனுமதியைக் காட்டுவதில்லை. 'மாஸ்க்' எனப்படும் உச்சவரம்பைக் காட்டுகின்றன. பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்ட பயனர்களும் எல்லாக் குழுக்களும் அந்த வரம்பைத் தாண்ட முடியாது. எனவே எவரேனும் பழக்கத்தில், அனுமதியை மாற்றும் சிஎச்மோட் கட்டளையால் 600 (உரிமையாளர் மட்டும் படிக்கலாம், எழுதலாம்) என்று கொடுத்துவிட்டால், பட்டியலில் தணிக்கையாளரின் பெயர் அழியாமல் இருக்கும், ஆனால் அவரால் எதையும் படிக்க முடியாது. 'கெட்எஃப்ஏசிஎல்' கட்டளை அந்த வரிக்குப் பக்கத்தில் 'எஃபெக்டிவ்' என்று உண்மையான அனுமதியைக் காட்டும். கண் அங்கேதான் போக வேண்டும்.

காப்புநகல் எடுக்கும்போதும் இதே கவனம் தேவை. கோப்புகளை நகலெடுக்கும் ஆர்சிங்க் நிரல் தானாக ஏ.சி.எல்.-ஐ எடுத்துவராது, பெரிய எழுத்து ஏ என்ற விருப்பத்தையும் சேர்க்க வேண்டும். பென்டிரைவில் உள்ள எக்ஸ்ஃபேட் வடிவத்தில் இந்த அனுமதிகள் எதற்கும் இடமே இல்லை.

ரூட் பயனரை இந்த அனுமதிகள் கட்டுப்படுத்தாதா?

கட்டுப்படுத்தாது. பாதி ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது. சாதாரணப் பயனர் தம் கடவுச்சொல்லை மாற்றுவது போன்ற சில வேலைகளுக்கு ரூட்டின் அதிகாரம் தேவை. அதற்காக டென்னிஸ் ரிச்சி கண்டுபிடித்ததே செட்யூஐடி பிட். அதற்கு 1979-இல் காப்புரிமை கிடைத்து, பிறகு அது பொதுப் பயன்பாட்டுக்கு விடப்பட்டது. எவர் இயக்கினாலும் கோப்பின் உரிமையாளராகவே நிரல் ஓடும் என்பது இதன் சாரம். எனவே ரூட்டுக்குச் சொந்தமான செட்யூஐடி நிரலில் ஒரு பிழை இருந்தால் கணினி முழுவதும் போனதாகும். 2022 ஜனவரியில் 'ப்வன்கிட்' என்ற பெயரில் வெளியான பிழை அத்தகையது: பிகேஎக்ஸெக் என்ற நிரலில் 2009-இலிருந்தே இருந்த அது, கணினியில் கணக்கு வைத்திருக்கும் எந்தப் பயனரையும் ரூட்டாக்கியது. கணினி ஆய்வகத்தில் நாற்பது மாணவர்களுக்குக் கணக்கு வைத்திருப்பவர் இதன் பொருளை விளக்காமலே உணர்வார்.

இதற்கான ஒரு விடைதான் கேப்பபிலிட்டிகள். ரூட்டின் அதிகாரத்தைத் துண்டு துண்டாகப் பிரித்துத் தேவையான துண்டை மட்டும் கொடுக்கும் இந்த ஏற்பாடு, 1999-இல் வந்த லினக்ஸ் 2.2 பதிப்பில் தொடங்கியது. 1024-க்குக் கீழுள்ள போர்ட்டில் (நெட்வொர்க் வாயிலில்) காத்திருக்க ஒரு துண்டு, மூலநிலை நெட்வொர்க் பொட்டலம் அனுப்ப இன்னொரு துண்டு என்று அது போகிறது. எல்லாத் துண்டும் சிறியதன்று. 'சிஸ் அட்மின்' என்ற ஒன்றில் எங்கும் சேராத அதிகாரங்களையெல்லாம் கொட்டி வைத்திருப்பதால், அதைக் கொடுப்பதும் ரூட்டைக் கொடுப்பதும் ஏறக்குறைய ஒன்றுதான்.

அப்படியானால் எஸ்.இ.லினக்ஸும் ஆப்ஆர்மரும் புதிதாக என்ன செய்கின்றன?

மேலே சொன்ன எல்லாவற்றிலும் கோப்பின் உரிமையாளர்தான் அனுமதியைத் தீர்மானிக்கிறார். அவருடைய பெயரில் ஓடும் நிரல் எதுவானாலும் அவருடைய அதிகாரம் முழுவதையும் பெற்றுவிடுகிறது. பி.டி.எஃப். காட்டும் நிரலுக்கு உங்கள் வங்கி ஆவணங்களையோ தொலைவில் உள்ள கணினியில் நுழைய உதவும் எஸ்.எஸ்.எச். சாவியையோ படிக்க எந்தத் தேவையும் இல்லை; ஆனால் நீங்கள் படிக்கலாம் என்பதால் அதுவும் படிக்கலாம். கட்டாய அணுகல் கட்டுப்பாடு என்பது இந்த இடைவெளியை அடைக்கிறது. நிர்வாகி எழுதிய கொள்கை, இந்த நிரல் இவற்றை மட்டுமே தொடலாம் என்று வரையறுக்கிறது. பயனரோ, கட்டுக்குள் வைக்கப்பட்ட ரூட் செயல்முறையோ அதை மீற முடியாது.

சாதாரண அனுமதிச் சோதனை முதலில் நடக்கிறது. அது சம்மதித்த பிறகே கொள்கையிடம் கேட்கப்படுகிறது. ஆகவே கொள்கை மேலும் மறுக்கலாமே தவிர, ஒன்பது பிட்கள் மறுத்ததைத் திறந்துவிட முடியாது.

கர்னலுக்குள் இந்தக் கேள்வி எழும் இடங்களில் கொக்கிகளை வைத்திருக்கும் அமைப்புக்கு எல்.எஸ்.எம். என்று பெயர். 2001-இல் எஸ்.இ.லினக்ஸைக் கர்னலில் சேர்க்கும் பேச்சு வந்தபோது, ஒரே ஒரு முறையைத் தேர்ந்தெடுக்க லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் விரும்பவில்லை. எதையும் பொருத்தக்கூடிய பொதுச்சட்டகம் வேண்டும் என்றார். அதன் விளைவாக வந்ததே இது. எஸ்.இ.லினக்ஸ் 2003-இல் 2.6 பதிப்புடனும், இதே வகையைச் சேர்ந்த ஸ்மாக் 2008-இலும், டோமோயோ 2009-இலும், ஆப்ஆர்மர் 2010-இல் 2.6.36 பதிப்பிலும் கர்னலுக்குள் சேர்ந்தன.

எஸ்.இ.லினக்ஸை அமெரிக்க உளவு நிறுவனம் எழுதியதாமே, நம்பலாமா?

என்.எஸ்.ஏ.தான் 2000 டிசம்பரில் அதை வெளியிட்டது. மூலநிரல் முழுவதும் பொதுவில் இருக்கிறது. இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பல நிறுவனங்களின் பொறியாளர்கள் அதைத் திருத்தி வருகிறார்கள். எழுதியவரைப் பார்த்து ஐயப்படுவது நியாயம்தான். ஆனால் அந்த ஐயத்தால் அதை அணைத்துவிட்டு, கட்டுப்பாடே இல்லாமல் சர்வரை நடத்துவது எந்த வகையில் பாதுகாப்பு என்பது எனக்குப் புரியவில்லை.

இரண்டில் எது நல்லது?

உங்கள் இயங்குதளத்தோடு வருவது எதுவோ அதுவே நல்லது. எஸ்.இ.லினக்ஸ் ஒவ்வொரு கோப்புக்கும் செயல்முறைக்கும் ஒரு முத்திரையை ஒட்டி, முத்திரைகளுக்கு இடையிலான உறவை வைத்து முடிவுசெய்கிறது. ஆப்ஆர்மர் கோப்பின் பாதையைப் பார்க்கிறது. நிரலுக்கு ஒரு விதிக்கோப்பு, அதில் அது தொடக்கூடிய பாதைகள். படிக்க எளிது ஆப்ஆர்மர். வரம்பு இறுக்கம் எஸ்.இ.லினக்ஸ். பாதையை மாற்றினால் கோப்பின் மேல் உள்ள கட்டுப்பாடும் மாறிவிடுவது முன்னதன் பலவீனம்; முத்திரை தவறினால் எதுவும் ஓடாதது பின்னதன் தொல்லை.

பக்கத்தை வெப் சர்வர் அடைவில் வைத்தேன். அனுமதி 644 (எல்லோரும் படிக்கலாம், உரிமையாளர் மட்டும் எழுதலாம்) சரியாக இருக்கிறது. ஆனாலும் '403' (அணுக அனுமதி இல்லை) என்றுதான் வருகிறது. என்ன செய்வது?

இது எஸ்.இ.லினக்ஸில் அடிக்கடி நிகழ்வது என்பதால் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம். செயலாளர் வாராந்திரப் பால் விலைப் பக்கத்தைத் தம் வீட்டு அடைவில் எழுதி, எம்.வி. கட்டளையால் வெப் அடைவுக்கு நகர்த்துகிறார் என்று வைத்துக்கொள்வோம். மறுப்புகள் பதிவாகும் ஆடிட் லாக்கில் 'ஏ.வி.சி.' என்று தொடங்கும் ஒரு வரி விழுந்திருக்கும். அதை இடமிருந்து வலமாகப் படியுங்கள். 'டினைட்' என்ற சொல்லுக்குப் பிறகு நெளி அடைப்புக்குள் மறுக்கப்பட்ட செயல், அதாவது 'ரீட்' அல்லது 'கெட்ஆட்ர்'. அடுத்து, கேட்ட நிரலின் பெயர், 'எச்டிடிபிடி'. அடுத்து 'எஸ்கான்டெக்ஸ்ட்', கேட்டவரின் முத்திரை. அதன் மூன்றாவது பகுதி 'எச்டிடிபிடி அடிக்கோடு டி' என்றிருக்கும். பிறகு 'டிகான்டெக்ஸ்ட்', கேட்கப்பட்ட பொருளின் முத்திரை. அதன் மூன்றாவது பகுதியில் 'யூசர் ஹோம் டி' என்று இருக்கும். விடை இங்கே இருக்கிறது: வெப் சர்வர், எவருடைய வீட்டு அடைவுக் கோப்பையோ படிக்கப் பார்த்தது என்று கர்னல் நினைக்கிறது.

ஏன் அப்படி நினைக்கிறது? எம்.வி. கோப்பை அதன் பழைய முத்திரையோடு நகர்த்துகிறது. சி.பி. கட்டளையால் நகலெடுத்திருந்தால் புதிய கோப்பு சேரும் அடைவின் முத்திரையைப் பெற்றிருக்கும். 'ரிஸ்டோர்கான்' கட்டளையை அந்தப் பாதையின் மேல் இயக்கினால் அந்த இடத்துக்கு உரிய முத்திரை திரும்ப வந்து, பக்கம் திறந்துவிடும்.

இணையத்தில் தேடினால், லாக்கிலிருந்தே புதிய விதியை உருவாக்கும் 'ஆடிட்டூஅலவ்' கருவியை இயக்கச் சொல்வார்கள். அதைக் கண்ணை மூடிக்கொண்டு இயக்கினால், வெப் சர்வர் எல்லோருடைய வீட்டுக் கோப்புகளையும் படிக்கலாம் என்ற விதிதான் உருவாகும். ஒரு கோப்பின் முத்திரை தவறியதற்காகக் கொள்கையையே தளர்த்துவது தேவையில்லாத வேலை.

லாக்கில் கோப்பின் பெயருக்குப் பதிலாக நீண்ட எண்ணும் எழுத்துமாக வருகிறதே?

உங்கள் கோப்பின் பெயர் தமிழிலோ மலையாளத்திலோ இருக்கிறது. இடைவெளியோ, ஆங்கில எழுத்துகளுக்கான ஆஸ்கி குறியீட்டுக்கு வெளியே உள்ள எழுத்தோ பெயரில் இருந்தால், ஆடிட் அமைப்பு அந்தப் பெயரை மேற்கோள் குறியில்லாமல் பதினாறடி எண்ணாக எழுதிவிடும். தமிழ் எழுத்துகள் ஒவ்வொன்றும் ஈ0ஏஈ அல்லது ஈ0ஏஎஃப் என்று தொடங்கும். மலையாளம் ஈ0பி4 அல்லது ஈ0பி5 என்று தொடங்கும். இரு மொழியிலும் கோப்பு வைத்திருக்கும் நம் ஊர் அலுவலகங்களில் இவ்வளவு தெரிந்தாலே எந்தப் பக்கத்துக் கோப்பு என்பது கண்ணிலேயே பிடிபடும். முழுப் பெயரும் வேண்டுமானால், 'ஆசெர்ச்' கட்டளையை ஐ விருப்பத்தோடு இயக்குங்கள். ஆப்ஆர்மர் கருவிகளுடன் வரும் 'ஏஏடீகோட்' அதே வேலையைச் செய்யும்.

பள்ளிக் கணினியில் பயனர்களின் வீட்டு அடைவுகளை இரண்டாவது டிஸ்க்குக்கு மாற்றிய பிறகு சில நிரல்கள் மட்டும் தடுமாறுகின்றன. ஏன்?

ஆப்ஆர்மரின் விதிக்கோப்புகள் வீட்டு அடைவுகள் 'ஹோம்' என்ற வழக்கமான இடத்தில் இருப்பதாக எண்ணி எழுதப்பட்டவை. விதிக்கோப்பு உள்ள நிரல்கள் தம் அமைப்புக் கோப்புகளையே தொட முடியாமல் நிற்கும். விதிக்கோப்பு இல்லாதவை ஒன்றும் நடக்காததுபோல் ஓடும். ஆப்ஆர்மரின் அமைப்பு அடைவில் 'டியூனபிள்ஸ்' என்பதற்குள் 'ஹோம் டாட் டி' என்ற அடைவு இருக்கிறது. புதிய இடத்தை அங்கே ஒரு வரியாகச் சேர்த்து, விதிகளை மறுபடி ஏற்றினால் போதும். ஒவ்வொரு விதிக்கோப்பையும் தனித்தனியே திருத்தத் தேவையில்லை.

தற்காலிகமாக அணைத்துப் பார்க்கலாமா?

முழுவதும் அணைக்க வேண்டாம், எஸ்.இ.லினக்ஸில் 'பெர்மிஸிவ்', ஆப்ஆர்மரில் 'கம்ப்ளெய்ன்' என்ற நிலைகள் இதற்காகவே இருக்கின்றன. அந்த நிலையில் தடுப்பதில்லை, தடுத்திருக்க வேண்டியதை லாக்கில் எழுதும். ஒரு நிரலை மட்டும் அந்த நிலைக்கு மாற்றவும் முடியும். மற்றவை கட்டுக்குள்ளேயே இருக்கும். எஸ்.இ.லினக்ஸை முழுவதும் அணைத்த காலத்தில் உருவாகும் கோப்புகளுக்கு முத்திரையே இருக்காது. பிறகு இயக்கும்போது டிஸ்க் முழுவதற்கும் முத்திரையிட்டாக வேண்டும், இல்லையென்றால் கணினி முழுதாக எழாமலேகூட நின்றுவிடலாம்.

இது எல்லாத் தாக்குதலையும் தடுக்குமா?

தடுக்காது. வழக்கமான கொள்கைகள் வெப் சர்வர், அச்சு சேவை போன்றவற்றைக் கட்டுப்படுத்துகின்றனவே தவிர, உள்நுழைந்து வேலைசெய்யும் பயனரைப் பெரும்பாலும் கட்டுப்படுத்துவதில்லை. மேலே சொன்ன பிகேஎக்ஸெக் பிழைக்கு மருந்து, புதுப்பிப்பை உடனே நிறுவுவதுதான்.

கன்டெய்னரில் ஓட்டினால் இதெல்லாம் தேவையில்லையா?

ஒரே கர்னலின் மேல் நிரலைத் தனியே பிரித்து ஓட்டும் கன்டெய்னர் இதே கருவிகளால்தான் கட்டப்பட்டிருக்கிறது. கன்டெய்னர்களை ஓட்டும் டாக்கர் தன் வழக்கமான அமைப்பில் பல கேப்பபிலிட்டிகளைக் களைந்து, செக்காம்ப் வடிகட்டியால் நாற்பதுக்கும் மேற்பட்ட சிஸ்டம் அழைப்புகளை (நிரல் கர்னலிடம் வைக்கும் கோரிக்கைகளை) தடுத்து, உபுண்டுவில் ஓர் ஆப்ஆர்மர் விதிக்கோப்பையும் போடுகிறது. 'பிரிவிலெஜ்ட்' என்ற விருப்பத்தோடு ஓட்டினால் இவை மூன்றும் விலகும். ஒருவரை 'டாக்கர்' குழுவில் சேர்ப்பது அவருக்கு ரூட்டைக் கொடுப்பதற்குச் சமம் என்பதும் பலருக்குத் தெரிவதில்லை.

நிரல் எழுதுபவரே தம் நிரலைக் கட்டுப்படுத்திக்கொள்ள வழி உண்டா?

உண்டு, எனக்கு மிகவும் பிடித்த பகுதியும் இதுதான். யூனிக்ஸ் வகை இயங்குதளமான ஓபன்பி.எஸ்.டி. 2016-இல் 5.9 பதிப்பில் 'ப்ளெட்ஜ்' அழைப்பைக் கொண்டுவந்தது: இனி கோப்பைப் படிப்பேன், நெட்வொர்க்கைத் தொடமாட்டேன் என்று நிரல் வாக்குக் கொடுக்கிறது, மீறினால் கர்னல் அதைக் கொன்றுவிடுகிறது. 2018-இல் வந்த 'அன்வெய்ல்', எந்தப் பாதைகள் கண்ணில் படலாம் என்பதைச் சுருக்குகிறது. அதே குடும்பத்து ஃப்ரீபி.எஸ்.டி.யில் இதற்காகக் 'கேப்சிகம்' உள்ளது. லினக்ஸில் 2021-இல் 5.13 பதிப்பில் சேர்ந்த 'லேண்ட்லாக்' இதே திசையில் போகிறது. ரூட் அதிகாரம் இல்லாத நிரலும் தன்னைத் தானே அடைத்துக்கொள்ளலாம். நிர்வாகி வெளியிலிருந்து கொள்கை எழுதுவதைவிட, நிரலின் தேவையை அறிந்தவரே எழுதும் இந்த முறை பிழை குறைந்தது.

கைப்பேசியிலும் இது உண்டா?

ஆண்ட்ராய்டு ஒவ்வொரு செயலிக்கும் தனிப் பயனர் எண் தருகிறது. ஆகவே ஒரு செயலியின் கோப்பை இன்னொன்று தொட முடியாமல் செய்வது பழைய ஒன்பது பிட்களே. அதற்கு மேல் 2013-இல் 4.3 பதிப்பில் எஸ்.இ.லினக்ஸ் தடுக்காத நிலையில் நுழைந்து, 2014-இல் 5.0 பதிப்பிலிருந்து முழுவதும் தடுக்கும் நிலைக்கு வந்தது.

எல்லாம் சரியாக அமைத்த பிறகு, ஒருவர் வேறு பென்டிரைவிலிருந்து கணினியைத் தொடங்கினால்?

அனுமதிகள் அனைத்தும் அவற்றைச் செயல்படுத்தும் கர்னல் ஓடும்வரைதான். வேறு கர்னல் அந்த டிஸ்க்கைத் திறந்து, வந்தவர் ரூட்டாக நின்றால், ஒன்பது பிட், ஏ.சி.எல்., முத்திரை எதுவும் தடையாகாது. பால் கணக்கோ மாணவர் பதிவேடோ உள்ள டிஸ்க்கை, இயங்குதளத்தை நிறுவும்போதே, லினக்ஸின் டிஸ்க் மறையாக்க முறையான லக்ஸால் மறையாக்கம் (கடவுச்சொல் இல்லாமல் படிக்க முடியாதபடி) செய்யுங்கள். பயாஸுக்குக் கடவுச்சொல் இட்டு, பென்டிரைவிலிருந்து தொடங்குவதை நிறுத்துவது அதற்கு மேல் ஒரு தடை. டிஸ்க்கைக் கழற்றி எடுத்துப்போனால் அதனால் பயனில்லை, மறையாக்கம் ஒன்றுதான் நிற்கும்.